யார் கையெழுத்திடுவது? வியட்நாம் அகதிகளுக்குப் பொறுப்பேற்க முன்வந்த சபைகளின் முன்னிருந்த வழிகள்

1979-ஆம் ஆண்டின் கோடையில் கனடாவின் பல தேவாலயக் கூடங்களில் ஏறத்தாழ ஒரே விவாதம்தான் நடந்தது. மலேசியக் கரைக்கு அப்பால், ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள புலாவ் பிடோங் தீவில் நாற்பதாயிரம் பேர் அடைபட்டுக் கிடந்தனர். அந்த ஜூன் மாதத்தில் மட்டும் 54,000-க்கும் மேற்பட்ட வியட்நாமியர்கள் படகுகளில் அண்டை நாடுகளின் கரைகளை அடைந்திருந்தனர். உதவ வேண்டும் என்பதில் பெரும்பாலான சபைகளுக்குக் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. ஆனால் சபையின் பொருளாளராக இருப்பவர் எவரும் கேட்டாக வேண்டிய கேள்விகள் இருந்தன. பத்திரத்தில் கையெழுத்திடுவது யார்? அந்தக் குடும்பத்தில் ஒருவர் நோயில் விழுந்தால் செலவு யாருடையது? ஆண்டு முடிந்த பிறகும் வேலை கிடைக்காவிட்டால் என்ன செய்வது? இக்கட்டுரை அந்தக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைய வழிகளை ஒப்பிடுகிறது. எந்த வழியில் மனிதநேயம் அதிகம் என்று அளக்க எனக்கு விருப்பமில்லை. பொறுப்பு எங்கே போய் நிற்கிறது, எப்போது முடிகிறது என்பதே என் அளவுகோல்.

1976-இல் நிறைவேறி 1978 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கனடாவின் குடிவரவுச் சட்டம், அகதிகளை அரசு மட்டுமன்றிப் பொதுமக்களும் பொறுப்பேற்று அழைக்கலாம் என்று வழி திறந்துவிட்டது. நம்மவர் பேச்சில் ‘ஸ்பான்சர்’ செய்வது என்று புழங்குவது இதைத்தான். ஒரு சபைக்கு இதில் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, குடிமக்களோ நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களோ ஐந்து பேருக்குக் குறையாமல் ஒன்றுசேர்ந்து தங்கள் பெயரிலேயே அரசுக்கு உறுதிமொழி எழுதிக் கொடுப்பது. இரண்டாவது, நாடு தழுவிய தலைமைத் திருச்சபையோ மறைமாவட்டமோ அரசுடன் செய்துகொண்ட மூல ஒப்பந்தத்தின் நிழலில் நின்று, உள்ளூர்ச் சபை ஒரு குடும்பத்தை ஏற்பது. மூன்றாவது, எதிலும் கையெழுத்திடாமல், அரசே செலவேற்று அழைத்து வந்த குடும்பத்துக்கு நட்புக் குடும்பமாக இருந்து வழிகாட்டுவது. முதல் இரண்டு வழிகளிலும் கடமை ஒன்றே: ஓராண்டுக் காலம், அல்லது அதற்கு முன்பே அக்குடும்பம் தன் காலில் நிற்கும் வரை, வீடு, உணவு, உடை, அன்றாடத் தேவைகள் அனைத்தையும் பார்த்துக்கொள்வது.

இந்த வழிகளின் தராதரத்தை அறிய நான்கு ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். 1975 ஏப்ரல் 30 அன்று தெற்கு வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்ததை ஒட்டி வெளியேறிய ஏறத்தாழ 1,30,000 பேரை அமெரிக்க அரசு குவாம் தீவு வழியாகக் கொண்டுவந்து நான்கு இராணுவ முகாம்களில் தங்க வைத்தது: கலிபோர்னியாவின் கேம்ப் பெண்டில்டன், ஆர்கன்சாவின் ஃபோர்ட் சாஃபி, பென்சில்வேனியாவின் ஃபோர்ட் இண்டியன்டவுன் கேப், ஃபுளோரிடாவின் எக்லின் விமானப்படைத் தளம். முகாமிலிருந்து வெளியே செல்ல, பொறுப்பேற்க ஒருவர் கிடைக்க வேண்டும். அல்லது குடும்பத்தில் தலைக்கு 4,000 டாலர் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். உடுத்த துணியோடு ஓடி வந்தவர்களில் எத்தனை பேரால் அது முடிந்திருக்கும்? ஆகவே பொறுப்பாளர்களைத் தேடித் தரும் வேலை தன்னார்வ நிறுவனங்களிடம் விழுந்தது. கத்தோலிக்க ஆயர் பேரவையின் குடியேற்றப் பிரிவு ஏறத்தாழப் பாதிப்பேரை ஏற்றது. லூத்தரன் குடிவரவு அகதிகள் பணி, சர்ச் வேர்ல்ட் சர்வீஸ், யூதர்களின் ஹயாஸ், சர்வதேச மீட்புக் குழு ஆகியவையும் இறங்கின. ஆளுக்கு 500 டாலர் வீதம் அரசு அந்நிறுவனங்களுக்குக் கொடுத்தது. டிசம்பர் 20-ஆம் நாள் ஃபோர்ட் சாஃபி மூடப்பட்டதோடு முகாம்கள் காலியாகிவிட்டன. வேகத்தைப் பொறுத்தவரை இதில் யாரும் குறை காண முடியாது.

குறை இருந்தது கையெழுத்தில். அமெரிக்கப் பொறுப்பாளர் உணவு, உறைவிடம், உடை, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, வேலை தேடித் தருதல், சாதாரண மருத்துவச் செலவு என்று நீண்ட பட்டியலை ஏற்றுக்கொண்டார். ஆனால் அது சட்டக் கடமையன்று, தார்மிகக் கடமை மட்டுமே. குடும்பம் தன்னிறைவு அடையும் வரை என்பதே கெடு. அதற்கு நாள் குறிக்கப்படவில்லை. முடிவு தேதி இல்லாத கடமை இரண்டு பக்கமும் வெட்டும். மனம் இளகியவர் ஆண்டுக்கணக்கில் சுமந்து சோர்ந்து போவார். மனம் மாறியவர் மூன்றாம் மாதமே விலகிவிடலாம், அவரைக் கேட்பாரில்லை. தனி மனிதர்கள் பொறுப்பேற்ற இடங்களில் இந்த ஆபத்து அதிகம். லூத்தரன் பணியும் சர்ச் வேர்ல்ட் சர்வீஸும் சபை முழுவதையும் பொறுப்பாளராக்க முயன்றதற்கு இதுவே நியாயம். ஒருவர் பின்வாங்கினாலும் இன்னொருவர் இருப்பார். சர்வதேச மீட்புக் குழு போன்ற மதச்சார்பற்ற நிறுவனங்கள் இதற்கு மாறாகத் தம் ஊதியப் பணியாளர்களைக் கொண்டே குடும்பங்களைக் கவனித்தன. அந்தப் பணியாளர் அறிவார்ந்தவராக இருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது.

அமைதி நெறியை வலியுறுத்தும் கிறித்தவப் பிரிவினரான மெனோனைட்டுகளின் உதவி அமைப்பு, கனடாவின் மெனோனைட் மத்தியக் குழு. அது 1979 மார்ச் 5 அன்று அரசுடன் முதல் மூல ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதை இந்தப் பின்னணியில்தான் மதிப்பிட வேண்டும். அந்தச் சமூகத்துக்கு அகதி வாழ்க்கை புதிதன்று. 1923-க்கும் 1930-க்கும் இடையில் ஏறத்தாழ 20,000 மெனோனைட்டுகள் சோவியத் நாட்டை விட்டுக் கனடாவுக்கு வந்து சேர்ந்தவர்கள். வியட்நாமும் அவர்களுக்கு வரைபடத்தில் மட்டும் கண்ட நாடன்று. 1954 முதலே அவர்களுடைய உதவிப் பணியாளர்கள் அங்கே இருந்தனர். அக்குழுவின் ஒட்டாவா அலுவலகத்தின் சார்பில் பேச்சு நடத்திய வில்லியம் ஜான்சன், ஒவ்வொரு சபையும் தனித்தனியே அரசிடம் சென்று தன் நிதி நிலையை நிரூபிக்கும் சிக்கலைத் தவிர்க்கும் வகையில் ஓர் ஏற்பாட்டை உருவாக்க உதவினார். இறுதிப் பொறுப்பைத் தலைமை அமைப்பு ஏற்கும். அது நம்பிச் சான்றளிக்கும் சபையை அரசும் நம்பும். உள்ளூர்ச் சபை தடுமாறினால் அகதிக் குடும்பம் தெருவுக்கு வராது, தலைமை அமைப்பு ஏற்றுக்கொள்ளும். பிற திருச்சபைகள் அடுத்த சில மாதங்களில் இதே வடிவத்தைப் பின்பற்றின. கத்தோலிக்கர்களிடையே மறைமாவட்டங்கள் தனித்தனியே ஒப்பந்தம் செய்தன.

ஐவர் குழுவையும் மூல ஒப்பந்தத்தையும் அருகருகே வைத்தால், முதலாவதன் கவர்ச்சி சுதந்திரம். தேவாலயம் சாராத அண்டை வீட்டார், அலுவலக நண்பர்கள், ஒரு தெருவில் வசிப்போர் எவரும் கூடலாம். எந்தத் தலைமையகத்தின் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. யார்க் பல்கலைக்கழகத்தின் மெய்யியல் பேராசிரியர் ஹாவர்ட் அடெல்மன் 1979 ஜூனில் டொராண்டோவில் தம் வீட்டில் அண்டை அயலாரையும் சமயத் தலைவர்களையும் கூட்டிப் பேசியதிலிருந்து ‘ஆபரேஷன் லைஃப்லைன்’ பிறந்து, நாடெங்கும் கிளைகள் முளைத்தன. ஒட்டாவாவில் மேயர் மரியன் டூவர் தம் நகருக்கே 4,000 பேர் என்று இலக்கு வைத்து, ஜூலை 12 அன்று லேன்ஸ்டவுன் பூங்காவில் நடத்திய கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தனர். இவை திருச்சபைகளால் மட்டும் செய்திருக்கக்கூடிய காரியங்களல்ல. ஆயினும் ஐவரில் ஒருவர் வேறு ஊருக்கு மாறிச் செல்வதும், இன்னொருவர் வேலையிழப்பதும் ஓராண்டுக்குள் நிகழக்கூடியவையே. அப்போது எஞ்சிய மூவரின் வீட்டு வரவு செலவின் மேல் முழுச் சுமையும் இறங்கும். பின்னால் தாங்கிப் பிடிக்க யாருமில்லை. பண பலமோ நெருங்கிய உறவோ இல்லாத ஐவருக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்கத் தயங்குவேன்.

மூன்றாவது வழியைச் சபைகள் சற்று இளக்காரமாகப் பார்த்தன என்பது என் எண்ணம். கையெழுத்தில்லாத உதவி அரைகுறை உதவி என்று தோன்றுவது இயல்பு. உண்மையில் அரசு அழைத்து வந்தவர்களுக்கு வாடகையும் உதவித் தொகையும் கிடைத்தனவே தவிர, பேருந்தில் எப்படி ஏறுவது, பனிக்காலக் காலணியை எங்கே வாங்குவது, பள்ளி ஆசிரியர் அனுப்பிய தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. இந்த இடைவெளியை நிரப்பும் நட்புக் குடும்ப ஏற்பாட்டின் பயன் உணரப்பட்டு, 1980-களின் நடுப்பகுதியில் அரசே அதை ஒரு திட்டமாக நடத்தத் தொடங்கியது. முதியோர் மட்டுமே மிஞ்சியுள்ள, காணிக்கை வருமானம் குறைந்த சபைக்கு இதுவே நேர்மையான தேர்வு. இதில் சபை முதலாளியாக முடியாது என்பதும் ஒரு நன்மைதான். பணம் கொடுக்காதவரிடம் அந்தக் குடும்பம் ‘வேண்டாம்’ என்று கூசாமல் சொல்ல முடியும்.

பொருளாளரின் இரண்டாவது கேள்வியான மருத்துவச் செலவுக்குக் கனடாவில் எளிய விடை இருந்தது. மாகாண மருத்துவக் காப்பீடு பெரும் பகுதியை ஏற்றுக்கொண்டது. அமெரிக்கச் சபைகளின் தூக்கத்தைக் கெடுத்த அச்சம் இங்கே பெரிதும் இல்லை. தனியார் பொறுப்பேற்பு கனடாவில் வேரூன்றியதற்குச் சபைகளின் நற்குணத்தை மட்டும் காரணமாகச் சொல்வோர் இந்தக் காப்பீட்டு அட்டையை மறந்துவிடுகிறார்கள். மொழிப் பயிற்சியிலோ நிலைமை வேறு. வேலைக்குச் செல்லவிருப்போருக்கே அரசு உதவித்தொகையுடன் ஆங்கிலமோ பிரெஞ்சோ கற்பித்தது. நடைமுறையில் அந்த இடம் பெரும்பாலும் கணவனுக்குப் போனது. வீட்டில் பிள்ளைகளோடு இருந்த மனைவி விடுபட்டாள். தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் வாரம் இரு முறை நடந்த வகுப்புகள்தான் பல பெண்களுக்குக் கிடைத்த ஒரே பள்ளி. ஆகவே ஒரு சபை தன் தகுதியை அளக்கும்போது வங்கிக் கணக்கோடு சேர்த்து, வாரநாள் பகலில் ஓய்வாக இருக்கும் எத்தனை பேர் நம்மிடம் உள்ளனர் என்பதையும் எண்ண வேண்டும்.

அடுத்த முடிவு இடம் பற்றியது; இதில் அமெரிக்கா, பிரிட்டன் இரண்டின் அனுபவமும் ஒரே திசையைக் காட்டுகிறது. எந்த ஊருக்கும் பாரமாகாதபடி பரப்பிவிட வேண்டும் என்பது அமெரிக்க அரசின் 1975-ஆம் ஆண்டுக் கொள்கை. ஆனால் 1980-க்குள் அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் முதலில் அனுப்பப்பட்ட மாநிலத்தை விட்டு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டனர். கலிபோர்னியாவும் டெக்சாசும் அவர்களை ஈர்த்தன. பிரிட்டன் 1979-இல் ஹாங்காங்கிலிருந்து 10,000 பேரை ஏற்றுக்கொண்டு, ஓரூருக்குச் சில குடும்பங்கள் என்று சிதறடித்தது. அவர்களும் சில ஆண்டுகளில் இலண்டன், பர்மிங்காம், மான்செஸ்டர் என்று திரண்டுவிட்டனர். ‘ஒரு சபைக்கு ஒரு குடும்பம்’ என்ற அழகிய முழக்கம் இந்தச் சிதறலுக்கே துணைபோனது என்பதைத் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். மீன் சாற்று வாசனையையே அறியாத ஊரில், தாய்மொழியில் ஒரு சொல் பேச ஆளின்றி, கருணையால் சூழப்பட்டு வாழ்வதும் ஒரு தனிமைதான்.

இதற்கு எதிர் உதாரணம் நியூ ஓர்லியன்ஸ். பேராயர் பிலிப் ஹேனன் 1975-இல் அகதிகளைத் தம் மறைமாவட்டத்துக்கு வரவேற்றார். கத்தோலிக்க அறப்பணி அமைப்பு நகரின் கிழக்கே வெர்சாய் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் பல குடும்பங்களை அருகருகே குடியமர்த்தியது. வடக்கு வியட்நாமின் கத்தோலிக்கக் கிராமங்களிலிருந்து 1954-இல் தெற்கே பெயர்ந்து, பின்னர் அங்கிருந்தும் பெயர்ந்தவர்கள் அவர்களில் பலர். வேறு மாநிலங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்ட உறவினரும் ஊராரும் தாமாகவே அங்கு வந்து சேர்ந்தனர். வீட்டு முற்றங்களிலும் கால்வாய்க் கரைகளிலும் கீரைத் தோட்டங்கள் எழுந்தன, சனிக்கிழமை அதிகாலைச் சந்தை கூடியது, வியட்நாமின் மரியன்னை ஆலயம் தனிப் பங்காக உருவாயிற்று. 2005-இல் கட்ரீனா புயல் அப்பகுதியை மூழ்கடித்தபோது, நகரில் முதலில் திரும்பி வந்த சமூகங்களில் இதுவும் ஒன்று. மறு ஆண்டு தங்கள் குடியிருப்புக்கு அருகே குப்பைக் கிடங்கு திறக்கப்பட்டதை எதிர்த்துப் போராடி அதை மூடவும் வைத்தனர். முப்பது ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்ட ஓர் இட முடிவின் விளைவு அது.

ஆனால் வெர்சாய் மாதிரியை 1979-இன் கனடியச் சபை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 1975-இல் வந்தவர்களில் கத்தோலிக்கர்கள் கணிசமானோர். பங்குத் தந்தையும் அகதியும் ஒரே செபமாலையைப் பிடித்திருந்தனர். 1979-இல் படகேறியவர்களிலோ சீன வம்சாவளியினரான ஹோவா மக்கள் மிகுதி. பலர் பௌத்தர்கள் அல்லது முன்னோர் வழிபாட்டினர். மனநல ஆய்வாளர் மார்ட்டன் பைசர் 1981 முதல் வான்கூவரில் 1,300-க்கும் மேற்பட்ட தென்கிழக்காசிய அகதிகளைப் பத்தாண்டுக் காலம் தொடர்ந்து ஆராய்ந்தார். ஏற்கெனவே வேரூன்றிய சீனச் சமூகம் அருகிலிருந்த சீன வம்சாவளி அகதிகள், அத்தகைய துணையில்லாத மற்றவர்களைவிடத் தொடக்கக் காலத்தில் மனச்சோர்வுக்குக் குறைவாகவே ஆளாகினர். தங்கள் சமயத்துக்கு மாறான சமயத்தினரால் பொறுப்பேற்கப்பட்டவர்களிடம் மனச்சோர்வு மிகுந்திருந்தது. காலப்போக்கில் தனியார் பொறுப்பேற்பில் வந்தவர்களின் நிலை மேம்பட்டது என்பதும் அதே ஆய்வின் செய்தி. இவற்றை ஒன்றுசேர்த்துப் படித்தால், சபை பொறுப்பேற்பதில் தவறில்லை, ஆனால் ஞாயிறு வழிபாட்டுக்கு அழைப்பதில் மிகுந்த கவனம் வேண்டும் என்பது தெளிவு. வாடகை கட்டுபவர் ‘விருப்பமிருந்தால் வாருங்கள்’ என்று சொல்லும்போது, கேட்பவரின் காதில் அது ‘விருப்பமிருந்தால்’ என்று விழுவதில்லை. அழைக்கவே கூடாது என்று சபைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பதும், பக்கத்து நகரத்துப் பௌத்த விகாரையின் முகவரியை முதல் வாரமே கொடுப்பதும் மிகையல்ல.

எனவே ஊர் சிறிதென்றால், நான்கைந்து சபைகள் பிரிவு வேறுபாடு பாராமல் கூடி, ஒரே நேரத்தில் நான்கைந்து குடும்பங்களை அழைப்பதே சரி. அதைச் செய்ய முடியாத தொலைதூரச் சபை, தன் காணிக்கையை அருகிலுள்ள பெருநகரச் சபையிடம் ஒப்படைத்துவிடலாம். தன் ஊரில் ஓர் அகதிக் குடும்பத்தைப் பார்க்கும் மகிழ்ச்சியை அது இழக்கும். அந்த மகிழ்ச்சி யாருக்காக என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கையெழுத்திடும் முன் அரசின் பங்கைப் பற்றியும் ஒரு சொல். 1979 ஜூலையில் பிரதமர் ஜோ கிளார்க்கின் அரசு, அடுத்த ஆண்டு முடிவுக்குள் 50,000 பேர் என்று அறிவித்தபோது, மக்கள் ஒருவரைப் பொறுப்பேற்றால் அரசும் ஒருவரைப் பொறுப்பேற்கும் என்று வாக்களித்தது. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட 8,000 போக, மக்கள் பங்கு 21,000, அரசின் பங்கு 21,000 என்பது கணக்கு. மக்களோ தங்கள் பங்கைச் சில மாதங்களிலேயே தாண்டிவிட்டனர். டிசம்பரில் அரசு, மொத்த எண்ணிக்கை மாறாது என்று சொல்லித் தன் பங்கைக் குறைத்துக்கொள்ள முற்பட்டது. நாங்கள் அரசின் கடமைக்கு மேல்தான் சேர்க்க வந்தோம், அதற்குப் பதிலாக அல்ல என்று சபைகள் கொதித்தது நியாயமே. ஆட்சி மாறியபின் 1980 ஏப்ரலில் மேலும் 10,000 பேரை அரசு ஏற்று இலக்கு 60,000 ஆனது. வந்தவர்களில் ஏறத்தாழ 34,000 பேர் தனியார் பொறுப்பில் வந்தவர்கள். இந்த வகைப் பேரத்தில் தனி ஐவர் குழுவின் குரல் ஒட்டாவாவுக்கு எட்டாது, ஒப்பந்தம் வைத்திருக்கும் தலைமை அமைப்பின் குரல் எட்டும். இரண்டாவது வழியை நான் உயர்த்திப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே நமக்கு நெருக்கமான ஒரு செய்தியையும் குறிப்பிட வேண்டும். இந்தப் பணிக்காகக் கனடா மக்களுக்கு ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் நான்சன் பதக்கம் 1986-இல் வழங்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஈழத்தமிழர்களை அந்தக் கரையின் மீனவர்கள் மீட்டனர். பிடோங்கில் காத்திருந்தவரைத் தேர்ந்தெடுத்து அழைக்கும் ஏற்பாடு, அழைக்காமல் வந்து சேர்ந்த இவர்களுக்குப் பொருந்தவில்லை. மீனவர்கள் காட்டிய கனிவு நாடெங்கும் கிடைத்துவிடவுமில்லை. பொறுப்பேற்பு முறையின் எல்லை எதுவென்று அந்த ஆண்டு காட்டியது.

இனி, யாரை அழைப்பது என்ற தேர்வு. சபைகள் பெரும்பாலும் கணவன், மனைவி, இரண்டு மூன்று பிள்ளைகள் என்ற வடிவத்தையே விரும்பின. தனியாக வந்த இளைஞர்கள் முகாம்களில் கூடுதல் காலம் காத்திருந்தனர். செலவுக் கணக்கில் பார்த்தால் இது தலைகீழ் முடிவு. உழைக்கும் வயதிலுள்ள இரண்டு இளைஞர்களுக்கு ஒரு சிறு வாடகை அறை போதும், அவர்கள் விரைவில் வேலை தேடிக்கொள்ளவும் கூடும். பிள்ளைகளின் படம் சபை அறிவிப்புப் பலகையில் நன்றாக இருக்கும் என்பதைத் தவிர மற்றொரு காரணம் தேடினால் எளிதில் கிடைக்காது.

குடும்பமோ இளைஞரோ, அழைத்தவர் யாராயினும், ஆறாம் மாத வாக்கில் ஒரு கடிதம் வரும் என்பதை எதிர்பார்த்தே கையெழுத்திட வேண்டும். தம்பி இந்தோனேசியாவின் கலாங் முகாமில் இருக்கிறான், மாமியார் சைகோனில் இருக்கிறார், அவர்களையும் அழைக்க முடியுமா என்று அந்தக் குடும்பம் சபையைக் கேட்கும். அப்போது ஐவர் குழு பெரும்பாலும் களைத்திருக்கும், மீண்டும் ஒருமுறை சொந்தப் பெயரில் எழுதிக் கொடுக்க மனம் வராது. நட்புக் குடும்பத்துக்கோ கையெழுத்திடும் அதிகாரமே கிடையாது. மூல ஒப்பந்தத்தின் கீழ் நிற்கும் சபை மட்டும், தன்னால் இயலாவிட்டாலும், அந்தக் கடிதத்தைத் தலைமை அமைப்பின் மேசைக்கு அனுப்பி வேறொரு ஊரின் சபையைக் கேட்கச் சொல்லலாம்.